விருப்பமின்மை

1894ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டத்தில் அடுத்தடுத்து நின்ற இரண்டு பிரிவுகள் என்னை வெகு நாட்களாகச் சங்கடப்படுத்தி வந்திருக்கின்றன. 23ஆம் பிரிவு, நிலத்தின் சந்தை மதிப்புக்கு மேல் 15 சதவீதம் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது; எடுப்பது கட்டாயத்தின்பேரில் நடக்கிறது என்பதற்காக. 24ஆம் பிரிவு, நஷ்டஈட்டை நிர்ணயிக்கும்போது எவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பட்டியலிட்டது. அதில் இரண்டாவது, நிலத்தை விட்டுப் பிரிய உடையவனுக்கு உள்ள விருப்பமின்மை. ஒரு பிரிவு அவனுடைய 'மாட்டேன்' என்ற சொல்லுக்கு விலை வைத்தது. மறு பிரிவு அந்தச் சொல் காதில் விழவே இல்லை என்றது.

அந்த அதிகப்படிக்கு ஆறுதல் தொகை என்று பெயர். சாவு வீட்டில் புழங்கும் சொல். 1984இல் அது 30 சதவீதமாயிற்று. பழைய சட்டத்தின் இடத்தில் வந்த 2013ஆம் வருஷத்துச் சட்டத்தில் 100. தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு 1997இல் வந்த திருத்தமோ ஆறுதலே வேண்டாம் என்று விட்டது. அது சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2019 ஆயிற்று. இதைத் தாராளம் வளர்ந்த கதையாகச் சொல்லலாம். எனக்கு, எதை விலை பேசுகிறோம் என்று தெரியாமலே நடந்த பேரமாகத்தான் படுகிறது.

சந்தை மதிப்பு என்பது விற்க விரும்புகிற ஒருவனும் வாங்க விரும்புகிற ஒருவனும் ஒத்துப்போகும் விலை. கட்டாயமாக எடுக்கும்போது முதலாமவன் கிடையாது. எனவே சட்டம் அவனைக் கற்பித்துக்கொண்டு, அந்தக் கற்பித ஆசாமியின் விலையை உண்மையான ஆளின் கையில் கொடுக்கிறது. பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறு சாலைக்காக நிலத்தில் பாதியை இழந்த, ஆரணிப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் சொன்னார்: "கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னவோ. கேக்கலையே." பணம் போதவில்லை என்று அவர் சொல்லவில்லை. அந்த வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை.

எடுக்கப்படுவது எது என்று யோசிக்க ஆரணித் தறி உதவுகிறது. பட்டு நெய்கிற பழைய வீடுகளில் தறி ஒரு சாமான் அல்ல. தரையில் குழி தோண்டி, நெய்கிறவர் அதில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கிற குழித்தறி. வீட்டைக் காலி செய்தால் மரச்சட்டங்களைக் கழற்றிக்கொண்டு போகலாம்; குழியைக் கொண்டுபோக முடியாது. அளக்க வருகிறவருக்கு வீடு இத்தனை சதுர அடி. குழி வெறும் இன்மை. நெய்கிறவர் வாடகைக்கு இருந்தால் அவரே இன்மை. 2013 சட்டம் இதை ஓரளவு உணர்ந்தது. நிலமில்லாத குத்தகைதாரர், கூலிக்காரர், கைவினைஞர் ஆகியோர் அங்கே மூன்று வருஷம் வேலை செய்திருந்து பிழைப்பை இழந்தால், அவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக எண்ணியது. ஆனால் நெடுஞ்சாலைச் சட்டம் உட்பட 13 மத்தியச் சட்டங்களை, சமூக விளைவுகளை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கியும் வைத்தது.

'மாட்டேன்' எப்போதும் புனிதமான சொல் என்று நான் வாதிக்கவில்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன்களை ஒழித்த சட்டம் ஜமீன்தார்களின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் இன்றைக்கும் காத்திருப்போம். 1978இல் 44ஆவது அரசியல் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கியதற்கு நான் வருந்துகிறவனும் அல்ல. அதே வருஷம் தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்டோர் நலத்திட்டங்களுக்கு நிலமெடுக்க ஒரு தனிச் சட்டம் வந்தது. சேரிக்கு வீட்டுமனை தர மறுக்கும் நிலக்காரனின் விருப்பமின்மையும் விருப்பமின்மைதான். அதை மீற அரசுக்கு அதிகாரம் வேண்டும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? தமிழக அரசே அதை அழித்துவிட்டது. 2013 சட்டத்தில் 105ஏ என்று ஒரு பிரிவை நுழைத்து, இந்த 1978ஆம் வருஷத்துச் சட்டத்தையும், 1997இன் தொழில் நோக்கச் சட்டத்தையும், 2001இன் நெடுஞ்சாலைச் சட்டத்தையும் ஒரே கட்டாகக் கட்டி அதன் நிபந்தனைகளுக்கு வெளியே வைத்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது; அதே வருஷம் சட்டமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது; 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. குடிசைக்காரனுக்கு மூன்று சென்ட் தருவதும் கம்பெனிக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் தருவதும் தார்மீகத்தில் ஒன்றாகிவிட்டன. ஏழையின் நியாயத்தை மற்றவன் இரவல் வாங்கிக்கொண்டான்.

இன்னும் ஆழமான கோளாறு ஒன்று உண்டு. பொது நோக்கத்துக்கு நிலம் தேவை என்று அரசு அறிவித்தால், அந்த அறிவிப்பே அதற்கு முடிவான சாட்சியம் என்று 1894 சட்டம் சொன்னது. 2013 சட்டமும் அந்த வாசகத்தை வைத்துக்கொண்டது. சொல்கிறவனே சாட்சி. 2018இல் அறிவிக்கப்பட்ட, 277 கிலோமீட்டர் நீளமான சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை ஐந்து மாவட்டங்களின் வயல்களில் கல் நட்டுக்கொண்டு வந்தது. எங்கள் திருவண்ணாமலை மாவட்டமும் அதில் ஒன்று. ஆட்சேபம் சொல்ல நெடுஞ்சாலைச் சட்டம் தருவது 21 நாள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2023இல், இதே மாவட்டத்தில் செய்யாறுக்குப் பக்கத்து மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,000 ஏக்கருக்கு மேல் எடுப்பதை எதிர்த்துப் போராடியவர்களில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியபின் அரசு ஆறு பேர்மீதான உத்தரவை முதலில் திரும்பப் பெற்றது. ஒரு காலத்தில் சட்டம் கணக்கில் சேர்க்காமல் விட்ட விருப்பமின்மை இங்கே குற்றமாகவே எண்ணப்பட்டது.

ஊருக்காக ஒருவன் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும் என்பார்கள். தியாகம் என்று மேடையில் சொல்வார்கள். ஆனால் மறுக்க வழியில்லாதவன் தியாகம் செய்ய முடியாது. கட்டாயம் அவனிடமிருந்து நிலத்தை மட்டும் எடுக்கவில்லை; அதைத் தானே கொடுத்திருக்கக்கூடிய வாய்ப்பையும் எடுக்கிறது. அந்த விவசாயி இழந்ததாகச் சொன்னது இரண்டாவதை. ஆறுதல் தொகை 15 ஆனாலும் 100 ஆனாலும் அது வேறெதற்கோ உரிய தொகை.

ஆரணித் தெருக்களில் காலை வேளையில் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிசெய்வார்கள். தெரு பொதுச்சொத்து, அந்த ஒரு மணி நேரம் அது ஒரு குடும்பத்தின் பட்டறை. சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போகிறார். அவர் நினைத்தால் சண்டை போடலாம். போடாமல் போவதால்தான் அது அவர் கொடுத்ததாகிறது. பொது என்பதை நான் கற்றது இங்கேதான்.

அரசு சைக்கிள்காரரைப் போல நடந்துகொள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும். சில சமயம் 'மாட்டேன்' என்பதை மீறித்தான் ஆகவேண்டும். ஆனால் மீறுவதற்கு முன் அதைக் கேட்க வேண்டும், காரணத்தோடு எழுதிக்கொள்ள வேண்டும், பதில் சொல்ல வேண்டும். தன் நோக்கம் பொதுவானது என்பதைத் தன் அறிவிப்பால் அல்லாமல் வேறு சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். சேரிக்கு மனை கேட்கும் அரசால் இதைச் சுலபமாகச் செய்ய முடியும். முடியாதென்று தயங்குகிற அரசு யாருக்காகக் கேட்கிறது என்று நாம் சந்தேகப்படலாம்.