கணிப்பொறிக்குக் கர்த்தா யார்?

சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, மதர்போர்டை ஓரிடத்திலும் பிராசஸரை வேறோரிடத்திலும் விலை பேசி வாங்கி வந்து, வீட்டுக் கூடத்தில் செய்தித்தாளை விரித்துத் திருப்புளியும் கையுமாக அமர்ந்து, தானே ஒரு கணிப்பொறியை அசெம்பிள் செய்து முடிக்கும் வாலிபன், திரையில் முதல் வெளிச்சம் தோன்றிய கணத்தில், "இதை நானே செய்தேன்" என்று வாய் நிறையச் சொல்கிறான். அவன் கூற்று மெய்தானா என்னும் வினா அற்பமாகத் தோன்றினும், நம் நாட்டுத் தார்க்கிகரும் பௌத்தரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்ட விஷயமே அது.

ஆக்ஷேபிப்பவர் கட்சி வலுவானதுதான். சிலிக்கனைச் சுத்திகரித்துச் சில்லாக்கியவன் இவனல்லன். பலகையில் செம்புத் தடங்களைப் பதித்தவனும் இவனல்லன். 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் என்னும் அளவுமுறை போன்றதொன்று இல்லாதிருப்பின், ஒரு கம்பெனியின் மதர்போர்டு மற்றொரு கம்பெனியின் கேபினெட்டிலுள்ள திருகுத் துளைகளுக்குப் பொருந்தியே இராது. மிலிந்தன் என்னும் யவன அரசன் தேரேறி வந்ததாகச் சொன்னபோது, அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி ஒவ்வொன்றாக வினவி, எதுவும் தேரன்று என அரசன் வாயாலேயே சொல்லவைத்து, உறுப்புகளின் கூட்டத்துக்கு உலகோர் இட்ட வழக்குப் பெயரே தேர் என்று முடித்ததை 'மிலிந்த பஞ்ஹ' என்னும் பௌத்த நூல் கூறுகிறது. ஆன்மா எனத் தனியே ஒன்றில்லை என்று நிலைநாட்டவே அவர் தேரை எடுத்துக்கொண்டார். அவ்வழியே போனால், கணிப்பொறியும் இல்லை, அதைச் செய்தேன் என்று மார்தட்டும் 'நானு'ம் இல்லை.

தார்க்கிகராகிய நையாயிகர் இதற்கு இசையார். துணிக்கு இழைகள் சமவாயி காரணம், இழைகளின் சம்யோகம், அதாவது சேர்க்கை, அசமவாயி காரணம், தறி முதலியன நிமித்த காரணம் என்று அன்னம்பட்டர் தமது தர்க்க சங்கிரகத்தில் பகுத்துக் காட்டுகிறார். அவயவங்களில் தங்கியிருந்தும் அவற்றின் வேறான அவயவி, அதாவது முழுப்பொருள், ஒன்று உண்டென்பது அவர்கள் சித்தாந்தம். ஏட்டில் படிக்கையில் இது வறட்டு வாதமாகப் படலாம். ரேம் பட்டையைப் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தவனுக்கு அப்படிப் படாது. 288 தொடுமுனைகளைக் கொண்ட அப்பட்டை, ஒரு பக்கம் மயிரிழையளவு மேலெழும்பி நின்றாலும், விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் இருண்டே கிடக்கும். பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் தேய்த்து, இருபுறமும் கட்டைவிரல்களை வைத்துக் கொக்கி 'டக்'கென்று விழும்வரை அழுத்தினால், சற்றைக்கெல்லாம் திரை விழித்துக்கொள்கிறது. முன்னே இல்லாத எந்த உறுப்பும் இப்போது வந்து சேரவில்லை. சம்யோகம் ஒன்றே சேர்ந்தது. வெறும் பெயர் இந்தக் காரியத்தைச் செய்யாது. ஆதலின் என் மனம் நையாயிகர் பக்கமே சாய்கிறது.

ஆயினும் அவர்களோடு கடைசிவரை போவதும் கஷ்டமே. ஓர் இழையை உருவினாலும் பழைய துணி அழிந்து புதிய துணி பிறக்கிறது என்பார்கள் அவர்கள். அப்படியாயின் ரேமை மாற்றுந்தோறும் ஒரு கணிப்பொறி மடிந்து வேறொன்று உண்டாக வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் இவ்வளவு தூரம் போவதில்லை: ரேமை மாற்றினால் பொதுவாக அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை, மதர்போர்டை மாற்றினாலோ, விண்டோஸ் உரிமத்தை மீண்டும் உறுதி செய்யும்படி கேட்கக்கூடும். சாஸ்திரம் தீர்க்காத வழக்கை வியாபாரம் தன் சௌகரியத்துக்குத் தீர்த்துக்கொண்டது போலும்!

வாலிபனின் கூற்றுக்கு மீள்வோம். உறுப்புகளுக்கு அவன் கர்த்தா அல்லன். அவற்றின் சம்யோகத்துக்கு அவனே கர்த்தா, அவனையன்றி வேறெவருமிலர். ஐயமுள்ளவர்கள் அவன் மேசை இழுப்பறையிலுள்ள பில்களைப் புரட்டிப் பார்க்கலாம். பிராசஸருக்கு ஒரு வாரண்டி, மதர்போர்டுக்கு ஒரு வாரண்டி, பவர் சப்ளைக்கு ஒரு வாரண்டி என்று தனித்தனியே இருக்கும். முழுக் கணிப்பொறிக்கென்று ஒரு வாரண்டி அவற்றுள் இராது. அது பழுதுற்றால் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான்.