இடுகாடு காண்டல்

இறந்தாரைப் புதைத்த இடம் தீட்டுடையது. அங்குச் சென்றோர் நீராடியே மனைபுகுதல் வேண்டும் என்பது நம்மவர் வழக்கு. ஆகலின், பெருநகரங்களிலுள்ள பழைய இடுகாடுகளைக் காணும்பொருட்டே செல்லுதல் சைவர்க்குத் தகுமோ என்னும் வினா எழும். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கங்களினின்றும் கங்கையாடச் சென்றார் ஒருவர், கொல்கத்தாவிலுள்ள தென் பார்க் தெரு இடுகாட்டைக் கண்டார் எனக் கொள்க. 1767-ல் திறக்கப்பட்ட அவ்விடத்தே ஆங்கிலேயர் எடுத்த கூர்ங்கோபுரங்களும் கவிகை மண்டபங்களும் நெருங்கி நிற்கின்றன. வடமொழிச் செல்வத்தை ஐரோப்பியர்க்கு உணர்த்திய சர் வில்லியம் ஜோன்ஸ் 1794-ல் இறந்து அங்கே அடக்கம் செய்யப்பட்டார். 1800-ல் இருபது வயதில் மாண்ட ரோஸ் எயில்மர் என்னும் நங்கையின் கல்லறையும் அங்குளது. கல்வியும் இளமையும் ஒருங்கே மண்ணாயினமை காண்பார்க்கு, யாக்கை நிலையாமை நூலுரையளவில் நில்லாது கண்கூடாம். இப்பயன் உண்மையின் காண்டல் குற்றமன்று. நீராடத் தீட்டு நீங்கும்; கண்ட உணர்வு நீங்காதிருத்தலே வேண்டுவது.

அற்றேல், கல்லிற் பெயர் பொறித்துக் காத்தல் உடற்பற்றேயன்றோ எனின், அப்பற்று ஒரு சமயத்தார்க்கே உரியதன்று. மக்கள் யாவர்க்கும் பொது. அதனை எங்கே செலுத்துவது என்பதே ஆராயத்தக்கது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதல் இராசேந்திரன், தன் தந்தையின் தேவியருள் ஒருவராகிய பஞ்சவன்மாதேவியார்பொருட்டுப் பட்டீச்சரத்தின் பக்கத்தே பள்ளிப்படை எடுத்தான். ஆண்டுப் பூசைகொள்வது சிவலிங்கமே. பிரிவாற் பிறந்த அன்பு பிணத்தின்மேல் நில்லாது பதியின்மேற் சென்றது. அம்மன்னனும் 1044-ல் மாண்டான். அவனது அரண்மனை மாளிகைமேட்டிற் செங்கல் அடித்தளமாய்க் கிடக்கின்றது. அவன் எடுத்த திருக்கோயிலில் வழிபாடு இன்றும் நிகழ்கின்றது.

இனி, கல்லறையுட் கிடப்பது பருவுடம்பேயாம். உயிரோ நுண்ணுடம்போடு வினைவழிச் சென்றது. பிறந்திறந்து எய்த்த உயிர்களின் இளைப்பை ஒழித்தலே சங்காரம் என்பது சித்தாந்தத் துணிபு. ஆகலின் அழித்தலும் அருட்செயலே. இறைவன் காடுடையானாதலும் அதுபற்றியே. அவ்வருள் சமயம் நோக்கி வரையறுக்கப்படுவதன்று. எனவே, பிற சமயத்தார் இடுகாட்டிற் புகுவார், இது வேற்றார் பிணக்காடு என்று இகழ்தலும், கோபுர அழகை மட்டும் வியந்து மீளுதலும் ஒழிக. இவ்வுயிர்களும் நம்மைப்போல் மலத்தாற் கட்டுண்டு அருளை நோக்கி நடப்பனவே என்று இரங்கி, திருவைந்தெழுத்தை உள்ளத்தெண்ணி நிற்றலே சைவர்க்குக் கடனாம்.