இறந்தோர் நம்மிடம் கேட்பது யாது?



அண்மையில் நம் அன்பர் ஒருவரின் தாயார் காலமானார். அடக்கம் முடிந்து வீடு திரும்பிய மாலையில் அவ்வன்பர் எம்மைத் தனியே அழைத்துத் தணிந்த குரலில் ஒன்று கேட்டார். “ஐயா, நான் தம்மத்தைத் தழுவி இருபது ஆண்டுகள் ஆகின்றன. கருமாதி வேண்டாமென்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால், பதினாறாம் நாள் காரியம் செய்யாவிட்டால் அம்மா போகும் வழியில் பசித்து நிற்பாளே என்று பெரியம்மா அழுகிறார். அஃது உண்மையன்று என்று அறிவு சொல்லுகிறது. மனம் கேட்க மறுக்கிறது. வட்டிக்குப் பணம் தர ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். என்ன செய்வது?”

யாம் உடனே விடை கூறவில்லை. கூறும் தகுதி எமக்கு உண்டோ என்னும் ஐயமே காரணம். பஞ்சாலையில் தறி ஓட்டிய காலத்தில் எம் தந்தையார் இறந்தார். தம்மத்தை யாம் அறியாத காலம் அது. மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. அதுவும் போதாமல் கடன் வாங்கினோம். ஊரார் மெச்சக் காரியம் நடந்தது. அக்கடன் தீருமுன் எம் மூத்த மகள் பள்ளியை விட்டு நின்றாள். பேத்தியின் புத்தகத்தை விற்றுத் தமக்குப் பிண்டம் வைக்க எம் தந்தையார் ஒப்பியிருப்பாரா என்று அன்று யாம் எண்ணிப் பார்க்கவில்லை.

இறந்தவர்க்கு இருப்பவர் பட்ட கடன் யாது? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. பண்டைய மதங்கள் யாவும் இதற்கு விடை தேடின. தேடிய விடையை மண்ணுக்குள் வைத்துச் சென்றன. அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

ஈராக் நாட்டின் தென்பகுதியில் ‘ஊர்’ என்னும் பெயருடைய பழைய நகரம் இருந்தது. 1922 முதல் 1934 வரை லியோனார்டு வுல்லி என்னும் ஆங்கிலேயர் அதனை அகழ்ந்தார். ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட அரச கல்லறைகள் வெளிப்பட்டன. ஒரு குழியில் மட்டும் 74 உடல்கள். 68 பெண்கள், 6 ஆண்கள். தம் தலைவரோடு மறுவுலகுக்கு அனுப்பப்பட்ட பணியாளர் அவர்கள். அப்பெண்கள் பொன்னாலும் வெள்ளியாலும் ஆன நாடாக்களைத் தலையில் அணிந்திருந்தனர். ஒருத்தியின் வெள்ளி நாடா மட்டும் சுருட்டியது சுருட்டியபடியே இடுப்பருகில் கிடந்தது. நேரமாகிவிட்டதால் அதனை அணிந்துகொள்ள அவளுக்கு இயலவில்லை போலும் என்று வுல்லி கருதினார். ஆலைச் சங்கு ஊதியபின் தலையை முடிந்தும் முடியாமலும் ஓடிவரும் பெண்களை யாம் நாள்தோறும் வாயிலில் கண்டவர். ஆதலின், அந்த நாடாவை எம்மால் மறக்கக் கூடவில்லை.

உடல்களின் அருகே கிண்ணங்கள் இருந்தமையால், அவர்கள் விரும்பியே நஞ்சருந்தி மாண்டனர் என்று வுல்லி எண்ணினார். பல்லாண்டுகள் உலகமும் அதனையே நம்பிற்று. ஆனால், அம்மயானத்தில் கிடைத்த இரு மண்டையோடுகளை அமெரிக்க ஆய்வாளர் கதிர்ப்படக் கருவியால் ஆராய்ந்து 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. கூரிய ஆயுதத்தால் தலையில் அடிபட்ட அடையாளம் இரண்டிலும் இருந்தது. எளியவர் மனமுவந்து உயிர்விட்டார் என்னும் கதையை எளியவரின் எலும்பே மறுத்துவிட்டது.

இனி எகிப்து. அந்நாட்டின் தொன்மையான அரசருள் ஒருவனாகிய ஜெர் என்பவனின் கல்லறையைச் சுற்றி 300க்கும் மேற்பட்ட சிறு கல்லறைகள் உள்ளன. அவனுக்குப் பணிபுரிந்தோரைப் புதைத்த இடங்கள் அவை. பின்வந்த காலத்தில் அவ்வழக்கம் ஒழிந்தது. மனிதருக்கு மாற்றாகச் சிறு பொம்மைகளை வைத்தனர். மறுவுலகில் வயல்வேலைக்கு அழைப்பு வந்தால், எசமானனுக்காக அப்பொம்மை எழுந்து சென்று உழைக்கும் என்பது நம்பிக்கை. 1922ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் இத்தகைய பொம்மைகள் 413 இருந்தன. நாளுக்கு ஒருவராகத் தொழிலாளர் 365; பத்து நாளுக்கு ஒருவராக மேஸ்திரிகள் 36; மாதத்திற்கு ஒருவராக மேலாளர் 12. மனிதரைக் கொல்வதினும் பொம்மை வைப்பது மேல், ஐயமில்லை. ஆயினும், செத்த பிறகும் பிறர் உழைப்பில் உண்ணலாம் என்ற எண்ணம் அவர்களை விட்டு நீங்கவில்லை அன்றோ?

அக்கல்லறைகளைக் குடைந்தவர் யார்? இன்று டெய்ர் எல் மெதினா என வழங்கும் சிற்றூரில் வாழ்ந்த தொழிலாளர். மூன்றாம் ராம்செஸ் அரசனின் 29ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.மு. 12ஆம் நூற்றாண்டில், அவர்களுக்குப் படியளக்க வேண்டிய தானியம் நாள் கடந்தும் வந்து சேரவில்லை. பசித்த தொழிலாளர் கருவிகளைப் போட்டுவிட்டு வெளியேறி, மாண்ட அரசரின் கோயிலருகே சென்று அமர்ந்துவிட்டனர். எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களுள் மிகப் பழையது இதுவே என்பர். அதனைக் குறித்த பாப்பிரஸ் ஏடு இத்தாலியின் டூரின் நகரில் உள்ளது. செத்த அரசர்க்கு அப்பமும் இறைச்சியும் படைக்கப்பட்ட இடத்தில், அவர்தம் கல்லறையை வெட்டியவன் வெறும் வயிற்றோடு அமர்ந்திருந்தான். பண்டைய ஈமச்சடங்கின் முழு வரலாறும் இந்த ஒரு காட்சியில் அடங்கும் என்பது எம் கருத்து.

எகிப்தியர் அறத்தை அறியாதவர் என்று கூறுதல் தகாது. இறந்தவனின் இதயத்தைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் வாய்மைத் தெய்வமாகிய மாஅத்தின் இறகினை வைத்து நிறுப்பர் என்று அவர்கள் நம்பினர். செய்த வினை கனத்தால் இதயம் தாழும். தாழ்ந்த இதயத்தை ஒரு கொடிய விலங்கு விழுங்கும். எத்துணை உயர்ந்த எண்ணம்! ஆனால், அதே மக்கள் வண்டு வடிவாகச் செதுக்கிய ஒரு கல்லில் மந்திரம் பொறித்துப் பிணத்தின் மார்பில் வைத்தனர். நீ எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று தன் இதயத்தை வேண்டும் மந்திரம் அது. இன்னும் பல மந்திரங்கள் அடங்கிய ஏடுகள் பொருளுடையார்க்குக் கிடைத்தன. வாங்குவோன் பெயரைப் பின்னர் எழுதிக்கொள்ள இடம் விட்டு ஆயத்தமாக எழுதிய ஏடுகளும் உண்டு. தராசு செய்த கையே தராசை ஏமாற்றும் வழியும் செய்தது.

இவ்விடத்தில்தான் பகவன் புத்தரின் விடை வேறுபடுகிறது. அசிபந்தகபுத்தன் என்னும் ஊர்த்தலைவன் அவரிடம் வந்து, மந்திரம் ஓதி இறந்தாரைச் சுவர்க்கத்தில் ஏற்றுவோம் என்று சிலர் கூறுகின்றனரே என்று வினவினான். பகவன் ஒரு கல்லைக் காட்டினார். ஆழ்ந்த நீரில் எறிந்த பாறையைச் சுற்றிப் பெருங்கூட்டம் நின்று, மிதந்து வா, கரையேறு என்று கைகூப்பினால் அது மிதக்குமா? நெய்க்குடம் நீருக்குள் உடைந்தால் ஓடு கீழே போகும். நெய் மேலே வரும். நெய்யே, அமிழ்ந்து போ என்று எத்தனை பேர் சபித்தாலும் அஃது அமிழுமா? வாழ்ந்த வாழ்வே கல்; வாழ்ந்த வாழ்வே நெய். அதனை மாற்றவல்ல மந்திரம் மூன்றாமவர் கையில் இல்லை.

அங்ஙனமாயின், இறந்தவரைத் தூக்கி எறிந்துவிட்டு வாளாவிருப்பதோ பௌத்தம் என்று சிலர் கேட்கக்கூடும். அன்று. குசிநகரத்து மல்லர்கள் பகவனின் உடலுக்கு ஆறு நாட்கள் மாலையும் நறும்புகையும் சாற்றி, ஏழாம் நாளில் எரியூட்டினர். எஞ்சிய எலும்புகள் எட்டுப் பங்காகப் பகுக்கப்பட்டு, அவற்றின்மேல் தூபங்கள் எழுந்தன. அழுத ஆனந்தரைப் பகவன் இகழவில்லை, அருகழைத்துத் தேற்றினார். துட்டன்காமனின் பொன் போர்த்த பெட்டியின் மேலும் வாடிய சிறு மலர்வளையம் ஒன்று கிடந்தது. அன்போடு வைத்த மலர் எந்நாட்டிலும் மலரே. அதனைக் குறைகூற யாம் துணியோம். மலர் நம் துயரத்தின் மொழி. பிண்டமோ செத்தவர்க்கு வயிறு உண்டென்னும் அச்சத்தின் விலை. இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அறிவதே நம் கடமை.

இறந்தோர் பெயரால் நாமும் தானம் செய்கிறோமே, அஃது என்னவென்றும் கேட்பர். அத்தானத்தின் சோறு உயிருள்ள ஒரு வாய்க்குள் செல்கிறது. செய்தவன் உள்ளம் இளகுகிறது. உண்டவன் பசி தீர்கிறது. இறந்தவரின் நற்பெயர் அவ்விருவரிடமும் வாழ்கிறது. கடன் வாங்கிச் செய்யும் ஆரவாரத்தில் இம்மூன்றும் இல்லை. வட்டி ஒன்றே வளர்கிறது.

அன்று மாலை இவற்றையெல்லாம் யாம் அவ்வன்பரிடம் விரித்துரைக்கவில்லை. துயர வீடு பிரசங்க மேடையன்று. உள்ளே சுவரோரம் சாய்ந்திருந்த பெரியம்மாவைக் காட்டி, “தங்கை இறந்தது முதல் இவர் ஏதேனும் உண்டாரா?” என்று மட்டும் கேட்டோம். அன்பர் திகைத்து நின்றார். பசித்திருப்பவர் யார் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. அடுத்த வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. தாமே கிண்ணத்தை ஏந்தி அம்மூதாட்டிக்கு ஊட்டினார். அழுதுகொண்டே அவரும் அருந்தினார்.

வட்டிப்பணம் வாங்கப்படவில்லை. பதினாறாம் நாளில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, தாயாரின் நற்செயல்களை ஒவ்வொருவராக நினைவு கூர்ந்து, வந்திருந்தோர் அனைவரும் எளிய உணவு உண்டு பிரிந்தோம்.

அன்பர்களே! இதயத்தை நிறுக்கும் தராசு செத்தபின் வருவதன்று. அஃது இன்றே நம் கையில் உள்ளது. தாய் தந்தையர் உயிரோடிருக்கும்போது ஒரு வாய் கஞ்சியை மனமாரக் கொடுங்கள். அவர்கள் மறைந்தபின், அவர்கள் யாரை நேசித்தார்களோ அவர்களைக் காப்பாற்றுங்கள். இறந்தோர் நம்மிடம் கேட்பதாக ஒன்று இருக்குமாயின், அஃது இதுவேயன்றிப் பிறிதில்லை.

எல்லா உயிர்களும் நலம் பெறுக!