கடன் கொப்பி

சிலாபக் கரையோரத்துச் சின்னக் கடைக்காரரின் மனம் கடலோடு சேர்ந்தே ஏறி இறங்கும். தென்மேல் பருவக்காற்று மாதங்களில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் கிடக்க, பாணும் பருப்பும் சீனியும் கொப்பியில் எழுதியே போகும். முன்னேஸ்வரத் திருவிழா வந்தால் கல்லாப்பெட்டி சற்று மூச்சு விடும்.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ஆனது. சிறுபடகுகள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. அடுத்த மாதம் கொழும்பு விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு மூட்டை அரிசி விற்ற பணத்தில் இன்னொரு மூட்டை வாங்க முடியாத காலம் அது. பிள்ளைக்குப் பால்மா கேட்டு நிற்கும் தாயிடம் பழைய பாக்கியைச் சொல்லிக்காட்ட எந்த நாக்கு எழும்? கொடுத்தால் மொத்த வியாபாரிக்குப் பதில் சொல்ல வேண்டும். கொடுக்காவிட்டால் அன்றிரவு தூக்கம் வராது.

இதில் நட்டத்தைவிட நோகடிப்பது வேறொன்று. கடன்பட்டவர் முகங்கொடுக்க வெட்கப்பட்டு மற்றத் தெருவால் சுற்றிப் போவார். நேற்றுவரை வாங்கில் இருந்து கதைத்த மனிதர்! மீன் பட்ட நாளில் அவரே ஈரச் சாரத்தோடு வந்து, "என்ட கணக்க வெட்டுங்க முதலாளி" என்று நனைந்த தாளை நீட்டும்போது கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். முழுவதும் கட்டாவிட்டாலும் பரவாயில்லை; பாதியைக் கொடுத்துவிட்டு அடுத்த பாணையும் அங்கேயே வாங்கினால் அவருக்குப் போதும்.