அடித்தலும் திருத்தலும்

கணக்கு எழுதுவோரிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பேரேட்டில் ஒரு தொகை தவறாகிவிட்டால் அதைச் சுரண்டி அழிக்கமாட்டார்கள். பழைய எண் தெரியும்படி குறுக்கே ஒரு கோடிட்டு, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிடுவார்கள். தவறு நேர்ந்தது என்பதற்கும், அதைத் திருத்தியவர் இன்னார் என்பதற்கும் அந்தக் கோடே சாட்சி. ஆயினும், 'அடித்தல் திருத்தல் இல்லாத' கணக்கையே நாம் நல்ல கணக்கு என்று மெச்சுகிறோம். அப்படியானால், தன் பிழையைத் தானே காட்டுபவரை நாம் நம்பவேண்டுமா, ஐயுறவேண்டுமா?

ஒரு பெரிய நிறுவனம் தான் முன்பு வெளியிட்ட கணக்கைத் திருத்தி மீண்டும் வெளியிடும்போது, இக்கேள்வி ஆயிரக்கணக்கான குடும்பங்களைத் தொடுகிறது. அந்த எண்களை நம்பித்தான் ஒருவர் ஓய்வுக்காலப் பணத்தைப் பங்குகளில் இடுகிறார். வங்கி கடன் தருகிறது. படித்து முடித்த இளைஞர் வேலையில் சேர்கிறார். இவர்களுள் எவரும் நிறுவனத்தின் பெட்டகத்தைத் திறந்து பார்த்தவர் அல்லர். தணிக்கையாளரின் கையொப்பமே அவர்களுக்குக் கண்.

அந்தக் கண் பொய்த்த நாள் ஒன்று நம் நாட்டில் உண்டு. ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் இராமலிங்க ராஜு, 2009 சனவரி 7ஆம் நாள் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டுக்கு 649 கோடி ரூபாய் இயக்க இலாபம் காட்டப்பட்டிருந்தது. மெய்யான தொகையோ 61 கோடிதான். அன்று ஒரே நாளில் நிறுவனப் பங்கின் விலை முக்கால் பாகத்துக்கும் மேல் சரிந்தது. பெயரிலேயே வாய்மையைத் தாங்கிய அந்நிறுவனம், முந்தைய ஆண்டில்தான் நல்ல நிர்வாகத்துக்கென விருது பெற்றிருந்தது.

தொடக்கத்தில் சிறிதாயிருந்த இடைவெளியே ஆண்டுதோறும் வளர்ந்து கட்டுக்கடங்காமற் போனது என்பது அக்கடிதத்தின் சாரம். நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம் இதுவே. முதற் காலாண்டிலேயே ஒரு கோடிட்டுத் திருத்தியிருந்தால் சிறு தலைகுனிவோடு முடிந்திருக்கும். நாளை சரிசெய்துவிடலாம் என்று எண்ணிய ஒவ்வொரு நாளும் பொய்க்கு வட்டி ஏறியது.

இழப்பு பங்குதாரர்களோடு நிற்கவில்லை. பொது நம்பிக்கை ஊர்ப் பொதுக்கிணறு போன்றது. ஒருவர் நஞ்சிட்டால் எல்லாரும் நீர் மொள்ளத் தயங்குவர். நேர்மையாகக் கணக்கு வைத்திருந்த நிறுவனங்களும் அன்று ஐயப்பார்வைக்கு ஆளாயின.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. அரசு பழைய இயக்குநர் குழுவை நீக்கிப் புதியவர்களை அமர்த்தியது. 2009 ஏப்ரலில் டெக் மகிந்திரா அந்நிறுவனத்தைக் கையேற்றது. 2010 செப்டம்பரில் திருத்தப்பட்ட கணக்குகள், பெருநட்டத்தை மறைக்காமல், வெளிவந்தன. மறுசீரமைப்புக்கு அந்தக் கசப்பான எண்களே அடித்தளமாயின. ஆகவே நம்பிக்கையைக் கெடுத்தது திருத்தம் அன்று. திருத்தாமல் கடத்திய ஆண்டுகளே.

அப்படியெனில் திருத்தியவரையெல்லாம் மன்னித்துவிடலாமா? கூடாது. அறியாமல் நேர்ந்த பிழை வேறு. அறிந்து செய்த வஞ்சகம் வேறு. மறைக்க வழியற்றபின் வரும் ஒப்புதலும், எவரும் கேட்காதபோதே வரும் ஒப்புதலும் ஒன்றல்ல. மேலும், தாளில் எண்ணை மாற்றியதால் ஏழையின் சேமிப்பு திரும்பிவிடாது. பொய்யான இலாபத்தின்மேல் பெற்ற ஊதியத்தையும் வெகுமதியையும் திருப்பித் தந்து ஈடுசெய்தாலன்றித் திருத்தம் முழுமையாகாது. நம்பிக்கை, திருத்தியவர் உரிமையோடு கேட்டுப் பெறுவதன்று. காயப்பட்டவர் காலப்போக்கில் மனமுவந்து தருவது.

ஆயினும் நமக்கும் பொறுப்பு உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு, காரணத்தை விளக்கி, நிறுவனம் தானாகவே தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வழிவகுத்தது. சட்டம் திறந்த கதவை நம் மனம் திறந்திருக்கிறதா? நேர்மையாகப் பிழையை ஒப்புக்கொண்டவரையும் வஞ்சகரையும் ஒரே கோலால் அடித்தால், அடுத்தவர் கற்றுக்கொள்வது நேர்மையை அன்று, மறைக்கும் திறமையையே.

நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் எழுந்து, "சென்ற ஆண்டு நான் படித்த கணக்கில் ஒரு தவறு இருக்கிறது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் நம் முகம் எப்படி மாறும்? அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பின் வரும் பொருளாளர், தம் ஏட்டில் தவறு கண்டால் கோடிடுவதா, சுரண்டி அழிப்பதா என்று முடிவு செய்வார்.