நாள் குறித்த வேலை

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆடவர் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகளின் அணிகள் வந்தன. மைதானம் சீரமைக்க, பந்தல் போட, சமைக்க, பெருக்க, காவல் நிற்க என்று இத்தகைய போட்டிகள் கொஞ்ச நாளுக்குப் பலருக்கு வேலை தருகின்றன. மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தெற்கே போனால் விருதுநகர். அதைத் தாண்டினால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு வட்டாரம். அங்கே தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் பூட்டிக் கிடப்பது வழக்கம். ஓரிடத்தில் விழா வருவதால் வேலை பிறக்கிறது; இன்னோரிடத்தில் விழா முடிந்ததால் வேலை நிற்கிறது. இரண்டு இடத்திலும் எழும் அறக் கேள்வி ஒன்றுதான்: குறித்த நாளுக்காக ஆளைக் கூப்பிட்டு வேலை வாங்குகிறவர், அந்த ஆளுக்கு எதுவரை கடமைப்பட்டவர்?

சில நாள் வேலையை இகழ்வது வயிறு நிறைந்தவர்களுக்கு எளிது. விருதுநகர் மாவட்டம் வானம் பார்த்த கரிசல் பூமி. 1923-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்துதான் மழையை நம்பாத கூலி அந்தப் பக்கம் கிடைக்கத் தொடங்கியது. ஒரு மாதக் கூலி, அடகில் இருக்கும் கம்மலை மீட்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டும். நாற்று நடவும் கதிர் அறுப்பும்கூடச் சில நாள் வேலைகள்தான். அவற்றை யாரும் அநீதி என்று சொல்வதில்லை. ஆகவே, வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது மட்டுமே குற்றமாகாது.

குற்றம் எங்கே நுழைகிறது என்பதை 1982-ன் டெல்லி ஆசிய விளையாட்டு காட்டியது. நவம்பரில் போட்டி. அதற்குள் அரங்குகளும் மேம்பாலங்களும் எழும்பியாக வேண்டும். வெளி மாநிலங்களிலிருந்து ஜமாதார்கள் ஆள் பிடித்து வந்தார்கள். ஜமாதார் என்றால் நம் ஊர் மேஸ்திரி, பழைய கங்காணி. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஆளுக்கு ஒரு ரூபாயை ஜமாதார் தரகாக எடுத்துக்கொண்டார். பெண்களுக்கு 7 ரூபாய்தான் கைக்கு வந்தது. 14 வயது நிரம்பாத பிள்ளைகளும் வேலையில் இருந்தார்கள். மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு இதை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. நீதிபதி பி.என். பகவதி அமர்வு, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வாங்கும் வேலை அரசமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. ஆள் வைத்தவர் ஒப்பந்ததாரர் என்று சொல்லி அரசு விலகிக்கொள்ள முடியாது என்றும் சொன்னது.

‘அவர்களாக விரும்பித்தானே வந்தார்கள்’ என்ற வாதத்துக்கும் அந்தத் தீர்ப்பில் பதில் இருக்கிறது. சவுக்கால் அடித்து வேலை வாங்குவது மட்டுமே கட்டாயம் அல்ல; பசியும் வேறு வழியின்மையும் கட்டாயம்தான். வீட்டில் அரிசி இல்லாதவர் காட்டும் சம்மதத்தை, அவர் கூலியைக் குறைக்கக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்வது அறம் ஆகாது. இதே நீதிமன்றம்தான் 1996-ல், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில், அபாயகரமான வேலையில் பிள்ளைகளை வைத்தவர்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

தள்ளிப்போட முடியாத நாள் என்றால் என்ன என்பது பட்டாசு வட்டாரத்துக்கு நன்றாகத் தெரியும். விதிப்படி ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்து முடிக்க வேண்டும். இரும்பு உரசக் கூடாது. ஆவணி பிறந்து ஆர்டர்கள் நெருக்கும்போது முதலில் வளைவது இந்த விதிகள்தான். அறை நிரம்பி வழிகிறது. மீதிப் பேர் மரத்தடியில் உட்கார்ந்து திரி செருகுகிறார்கள். கூலி எண்ணிக்கைக்கு என்பதால் கையின் வேகமும் கூடுகிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனபோது தீபாவளிக்கு இரண்டு மாதமும் சில நாட்களும்தான் இருந்தன.

ஆனால் அவசரத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தபோது தீபாவளி வெகு தொலைவில் இருந்தது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது அங்கே தெரியவந்தது. டெல்லியின் ஜமாதாரும் சாத்தூரின் உள்குத்தகையும் செய்தது ஒரே காரியம். லாபம் மேலே போகிறது, ஆபத்து கீழே இறங்குகிறது, கேள்வி கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார். நாள் நெருங்க நெருங்க இந்தச் சங்கிலி நீளும். நீள நீளப் பொறுப்பு கரையும்.

பாதுகாப்பு, நேரடிக் கூலி, காப்பீடு என்று எல்லாவற்றையும் வற்புறுத்தினால் செலவு கூடி வேலையே குறைந்துவிடும் என்பார்கள். இந்தக் கவலை பொய்யல்ல. சிறிய ஆலைகள் மூடினால் முதலில் பட்டினி கிடப்பது தொழிலாளிதான். ஆனால் அந்தச் செலவு இன்றும் இல்லாமல் இல்லை. கருகிய கையாக, தாயில்லாத வீடாக அதை ஏழைகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் குறித்தவர்களும், அந்த நாளில் வருமானம் பார்க்கிறவர்களும், டிக்கெட் வாங்கிக் கைதட்டுகிறவர்களும், மலிவு விலையில் வெடி வாங்குகிறவர்களும் அதைப் பகிர்ந்துகொள்வதே நியாயம். வேலை முடியும் தேதியை முன்கூட்டியே சொல்வது, கூலியை இடைத்தரகர் இல்லாமல் கொடுப்பது, காயம்பட்டவரை விழா முடிந்த பிறகும் கவனிப்பது ஆகியவை சலுகைகள் அல்ல, விழாவின் செலவுகள்.

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்திருக்கிறது. எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்ற அறிவிப்புகள் வரும். வரட்டும், வேலை தேவைதான். ஆனால் அந்த எண்ணிக்கையைக் கேட்டு மகிழும் முன், 1982-ல் ஒவ்வோர் ஆளிடமும் ஜமாதார் பிடித்துக்கொண்ட அந்த ஒரு ரூபாய் இம்முறை யார் கையில் தங்கப் போகிறது என்று கேட்க வேண்டும்.