தீர்வையற்ற கடையும் திருநெல்வேலிச் சந்தையும்

பயணம் போகிறவர் எங்கே சாமான் வாங்கினால் என்ன, அதில் அறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். வரி குறுக்கே நிற்பதால் வருகிறது. இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒருவருக்கு விட்டுக்கொடுக்கப்படும் தீர்வையை வேறு யாரோ கட்ட வேண்டியிருக்கிறது.

தீர்வையற்ற கடை பிறந்தபோது நியாயத்தோடுதான் பிறந்தது. 1947-இல் அயர்லாந்தின் ஷனன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓ'ரீகன் அதைத் தொடங்கினார். அத்திலாந்திக்கைக் கடக்கும் விமானங்கள் எண்ணெய் நிரப்ப அங்கே இறங்கிய காலம். நாட்டை விட்டுப் போகிறவர் வேறெங்கோ குடிக்கப்போகும் மதுவுக்கு அயர்லாந்து ஏன் வரி கேட்க வேண்டும்? சரியான கேள்வி. ஆனால் கட்டுநாயக்கவில் வந்திறங்குபவர்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. அங்கே வாங்கும் விஸ்கிப் போத்தல் அந்த வாரமே யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தையில் திறக்கப்படுகிறது. ஷனனின் நியாயம் இதற்குப் பொருந்தாது.

அதே கட்டுநாயக்கக் கடைகளில் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் விற்கிறார்கள். குவைத்தில் பிறர் வீட்டுத் துணி துவைத்துத் திரும்பும் பெண் தன் வீட்டுக்கு ஒரு சலவை இயந்திரம் வாங்கினால், அந்தச் சலுகையை யாரும் குறை சொல்லக்கூடாது. அவரைப் போன்றவர்கள் அனுப்பும் பணத்தில் நாடு மூச்சு விடுகிறது. லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வருபவரின் போத்தலுக்கு அந்தத் தகுதி கிடையாது. 2022-இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த நாடு இது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கீரை விற்கும் பெண் வாங்கும் சவர்க்காரத்தின் விலையிலும், கைபேசிக்குப் போடும் றீலோட்டிலும் அந்த வரி அடங்கியிருக்கிறது. கட்டக்கூடியவருக்கு விலக்கு, கட்ட இயலாதவருக்குச் சுமை.

விமான நிலையக் கடைகளும் வாடகை கட்டுகின்றன, ஆட்களுக்கு வேலை தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் சந்தையில் ஒரு பனங்கட்டிக் குட்டானைக் கையில் எடுத்துப் பாருங்கள். பனையில் ஏறிச் சுண்ணாம்பு தடவிய முட்டியில் பதநீர் இறக்கியவர் ஒருவர். அடுப்படிப் புகையில் நின்று அதைப் பதம் பார்த்துக் காய்ச்சியவர் இன்னொருவர். ஓலையை வார்ந்து, விரல் நீளக் குட்டான் இழைத்தவர் வேறொருவர். கொடுக்கும் காசு அந்த வீடுகளுக்கெல்லாம் பிரிந்து போகிறது. ஸ்கொட்லாந்தில் வடித்த விஸ்கியின் விலையில் இவர்களுக்கு என்ன பங்கு?

பழி முழுவதையும் வருகிறவர் தலையில் போடுவதும் நேர்மையல்ல. "என்ன கொண்டு வந்தனீர்?" என்று வாசலிலேயே கேட்கும் உறவுகள் இருக்கின்றன. வெளிநாட்டுச் சொக்லேட்டும் போத்தலும் இல்லாமல் வந்தவரை மதிப்புக் குறைவாகப் பார்க்கும் வழக்கத்தை ஊர்தான் வளர்த்திருக்கிறது. அதை ஊர்தான் விட வேண்டும்.

சந்தைக்குப் போவதாலேயே ஒருவர் நல்லவராகிவிடுவதுமில்லை. விமான நிலையத்தில் டொலரில் அச்சிட்ட விலையை வாய் திறவாமல் கட்டியவர், சந்தையில் நிலத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடம் ஐம்பது ரூபாவுக்கு மல்லுக்கட்டுகிறார். பேரம் சந்தை வழக்கம்தான். வியாபாரி வியாபாரியோடு பேசட்டும். பவுணில் சம்பளம் வாங்குகிறவர் அந்த ஆச்சியின் அன்றைய இலாபத்தைக் குறைத்து வாங்குவது பிழை.

வந்திறங்குபவர்களின் மதுவுக்கான தீர்வைச் சலுகையை அரசு நிறுத்த வேண்டும். உழைத்துத் திரும்புகிறவர்களின் வீட்டுப் பொருட்களுக்கான சலுகை தொடரட்டும். ஊருக்கு வருகிறவர்கள் ஒரு காலைப்பொழுதைச் சந்தைக்கு ஒதுக்குங்கள். ஒடியலோ புழுக்கொடியலோ பனங்கட்டியோ, வேண்டியதைக் கேட்ட விலைக்கே வாங்குங்கள்.